தொடர்களில் பெண்கள்: கையெழுத்துக் காட்சியும் வில்லியும்

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 பிப்ரவரி 2025

“எந்தத் தொலைக்காட்சியைத் திறந்தாலும் தொடர்களில் பெண்கள் ஒன்று அழுகிறார்கள், இல்லையென்றால் அடுத்தவள் குடியைக் கெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இதே கதைதான். இந்தத் தொடர்கள் நம் வீட்டுப் பெண்களைக் கெடுக்கின்றன என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?”

3 பிப்ரவரி, இரவு

பாதி மறுக்கிறேன். அழுகையும் சூழ்ச்சியும் மலிந்து கிடக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றையே தொடர்களின் முதல் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுவதற்குக் காரணமுள்ள வாழ்க்கையைக் காட்டினால் அழுகையும் வரத்தான் செய்யும். 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் ஓடிய ‘மெட்டி ஒலி’யில், மனைவியை இழந்து ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் ஒரு தகப்பனின் கதையைத் திருமுருகன் சொன்னார். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் அழுதவர்கள் யாரும் பொய்யாக அழவில்லை. அந்த ஐவரில் யாரோ ஒருத்தியின் பாடு அவரவர் பாடாக இருந்தது. அதற்கும் முன்பு, 1999 இறுதியில் தொடங்கிய ‘சித்தி’, இளைய தாரம் என்றாலே கொடுமைக்காரி என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய கதையைத் திருப்பிப் போட்டது. ராதிகா நடித்த சாரதாவைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லின் நிறமே மாறியது.

என் மனக்குறை வேறு. நான் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினேழு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்கிறேன். கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று நாள்தோறும் கையெழுத்துப் போட வரும் பெண்களைப் பார்க்கிறேன். மாலையில் வீடு திரும்பி அம்மாவுடன் உட்கார்ந்தால், தொலைக்காட்சியிலும் ஒரு பெண் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு கையெழுத்துகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் என்னை உறுத்துகிறது. நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

தொடரில் கையெழுத்துக் காட்சி எப்படி வரும் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். மேசை மேல் ஸ்டாம்ப் பேப்பர் இருக்கும். கதாநாயகி பேனாவை எடுப்பாள். படியோரத்தில் நிற்கும் வில்லியின் முகத்தைக் கேமரா மூன்று முறை நெருங்கிப் பார்க்கும். பேனா முனை தாளைத் தொடப் போகும் நேரத்தில் வாசலிலிருந்து “நிறுத்துங்க” என்று ஒரு குரல் கேட்கும், தொடரும் என்று போட்டுவிடுவார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்படி யாரும் நிறுத்தச் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கை அண்ணன்மாருடன் ஒரே காரில் வந்து இறங்குவாள். அண்ணி அவளுடைய கைப்பையை வாங்கி வைத்துக்கொள்வாள். விடுதலைப் பத்திரத்தை எங்கள் முதலாளி ஒரே மூச்சில் வாசிப்பார்: மேற்படி சொத்தில் எனக்குள்ள பாகத்தை விட்டு விடுதலை செய்து கொடுத்துவிட்டேன், இதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எவ்வித பாத்தியதையும் இல்லை. அந்த வரியை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று கணக்கில்லை. அவள் தலையசைப்பாள். உள்ளே போய் வெப்கேமராவுக்கு முன் உட்காருவாள், கருவியில் பெருவிரலை வைப்பாள், வெளியே வருவாள். அண்ணன் அவள் தோளில் கைவைத்து “பசிக்குதா?” என்று கேட்பான். அந்தக் கேள்வியில் கள்ளம் எதுவும் இருக்காது. அவன் உண்மையிலேயே தங்கை மேல் பாசமுள்ளவன்.

தொடர்களில் நான் காணாதது இந்தப் பாசமுள்ள அண்ணனைத்தான். அங்கே ஒரு பெண்ணின் பங்கு பறிபோக வேண்டுமானால், அதைப் பறிக்க இன்னொரு பெண், புருவத்தை உயர்த்தி, பின்னணி இசையோடு வந்தாக வேண்டும். அண்ணன் நல்லவன், அண்ணி பேச்சைக் கேட்டுக் கெட்டவன். மகன் நல்லவன், மாமியார்தான் கெடுக்கிறாள். நான் தட்டச்சு செய்யும் விடுதலைப் பத்திரங்களிலோ, எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் பெரும்பாலும் பெண்ணின் பெயரும், எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஆணின் பெயரும் இருக்கின்றன. அண்ணியின் பெயர் சாட்சியாகக்கூட வருவதில்லை. ஆதாயம் யாருக்கோ, பழி இன்னொருத்திக்கு என்பதை ஆயிரம் பகுதிகள் விடாமல் பார்க்கும் ஒரு பெண் என்ன கற்றுக்கொள்வாள்? தன் பங்கு போனதற்கு நாத்தனாரையும் அண்ணியையும் நொந்துகொள்ளக் கற்றுக்கொள்வாள்.

4 பிப்ரவரி, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். ‘எதிர்நீச்ச’லை நான் மறந்துவிட்டேன். 2022 முதல் 2024 வரை ஓடிய அந்தத் தொடரில் அப்பத்தா பட்டம்மாளின் நாற்பது சதவீதப் பங்கைச் சுற்றியே மாதக்கணக்கில் கதை நகர்ந்தது. சொத்து வயதான ஒரு பெண்ணின் பெயரில் இருந்தால் அவள் பேச்சுக்கு வீட்டில் என்ன மதிப்பு வருகிறது என்பதைத் திருச்செல்வம் தெளிவாகவே காட்டினார். பறிப்பவனாகவும் அங்கே ஓர் ஆணே நின்றான். ஆகவே, பறிக்க இன்னொரு பெண் வந்தாக வேண்டும் என்று நான் எழுதியது மிகை. ஆனால் அந்த ஆண், ஆதி குணசேகரன், பாசமுள்ள அண்ணனல்ல, அதட்டி ஆளுகிறவன். அதட்டுகிறவனை எதிர்ப்பதற்கு வேண்டியது துணிச்சல். அன்பாகக் கேட்கிறவனிடம் மறுத்துச் சொல்ல அதைவிடக் கடினமான வேறொன்று வேண்டியிருக்கிறது. அந்த இடத்துக்கு நான் பார்த்த எந்தத் தொடரும் இன்னும் வரவில்லை.

6 பிப்ரவரி

“பொழுதுபோக்குக்குப் பார்க்கும் கதையில் சட்டப் பாடமா நடத்துவார்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். பாடம் நடத்த வேண்டாம். தவறான பாடம் நடத்தாமல் இருந்தால் போதும் என்பதே என் வேண்டுகோள்.

விவாகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் ஒரு தாளை நீட்டுகிறான், மனைவி கண்ணீரோடு கையெழுத்துப் போடுகிறாள், பெட்டியோடு வெளியேறுகிறாள், கதையில் அவர்கள் பிரிந்தவர்களாகிவிடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி இருவரும் மனமொத்துப் பிரிவதென்றாலும், ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும், நீதிமன்றத்தில் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும், பொதுவாக ஆறு மாதம் காத்திருந்து மீண்டும் நீதிபதி முன் நிற்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. ஆனாலும் நீதிமன்றம் இல்லாமல் பிரிவு இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்து, “நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை, ஜீவனாம்சமும் கேட்க முடியாதல்லவா?” என்று கேட்ட பெண்கள் உண்டு. அவர்கள் அந்த எண்ணத்தைத் தொடரிலிருந்துதான் பெற்றார்கள் என்று நான் சாதிக்கவில்லை. அந்த எண்ணத்தை நாள்தோறும் ஒருமுறை உறுதிப்படுத்துகிறவை தொடர்கள் என்று சாதிப்பேன்.

இதைவிடக் கொடியது கட்டாயத் தாலி. மணமேடையில் ஆள் மாறி, அல்லது பழிவாங்க, அல்லது அவள் மயங்கிக் கிடக்கும்போது, ஒருவன் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். அந்த நொடியிலிருந்து அவள் அவனுடைய மனைவி. அடுத்த முந்நூறு பகுதிகளில் அவன் மெல்ல நல்லவனாகி, அவள் மெல்ல அவனை விரும்பத் தொடங்கி, பார்க்கிற நாமும் அவர்கள் சேர வேண்டுமே என்று தவிக்கத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித் தவித்திருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ சம்மதம் பெறப்பட்ட திருமணத்தை, அந்த நிலை நீங்கிய ஓராண்டுக்குள் நீதிமன்றத்தை அணுகி ரத்து செய்துகொள்ளலாம் என்று அதே சட்டம் 1955 முதல் சொல்கிறது. இத்தனை தொடர்களில் ஒரே ஒரு தோழி, ஒரே ஒரு அத்தை, “இது கல்யாணமே இல்லடி, வா, வக்கீலைப் பார்க்கலாம்” என்று சொன்னால் கதை கெட்டுப்போய்விடுமா? எனக்கென்னவோ அங்கேதான் ஒரு நல்ல கதை தொடங்கும் என்று தோன்றுகிறது.

9 பிப்ரவரி

கோபமாக எழுதிவிட்டேன். தொடர் எடுக்கிறவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். என் உறவுக்காரர் ஒருவர் சில காலம் உதவி இயக்குநராக இருந்தவர். அவர் சொன்னதிலிருந்து எனக்குப் பல விளங்கின.

வாரத்துக்கு ஐந்தோ ஆறோ பகுதிகள் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் கதை வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரு வீடு, அதில் பெரிய ஹால், மாடிப்படி, சமையலறை, இரண்டு படுக்கையறை. இவற்றுக்குள் கதை நடந்தால் செலவு அடங்கும். தெருவில், பேருந்தில், அலுவலகத்தில் எடுத்தால் அனுமதி, கூட்டம், வெளிச்சம் என்று நாள் ஓடிவிடும். ஆகவே பெண் வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள். வேலைக்குப் போகிற பெண்ணும் ஹாலில் நின்றுகொண்டுதான் தன் வேலையைப் பற்றிப் பேசுகிறாள். ஒருத்தி ஒரு வசனம் சொன்னால், கேட்டு நிற்கிற ஆறு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினால் அரை நிமிடம் நிரம்பும். ரியாக்‌ஷன் ஷாட் பெருகியதற்குக் கலைக் காரணத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்றார் அவர். வியாழக்கிழமை டி.ஆர்.பி. எண் வரும். எண் இறங்கினால் அடுத்த வாரம் கதையில் யாராவது கர்ப்பமாவார்கள், அல்லது யாருக்காவது விபத்து நடக்கும்.

1930-களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்கென்று பகல்நேர நாடகங்கள் தொடங்கியபோது அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சோப்பு நிறுவனங்கள். அதனால்தான் ஆங்கிலத்தில் அவற்றுக்கு ‘சோப் ஓபரா’ என்று சோப்பின் பெயரே நிலைத்தது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்குப் பொருளை விற்க வேண்டும் என்றால், அவள் வீட்டிலேயே இருப்பது கதைக்கும் வசதி. பிறந்த விதம் அப்படி.

இதைச் சொல்வது அவர்களை விடுவிப்பதற்காக அல்ல. அதே ஹாலில், அதே செலவில், பாசமுள்ள அண்ணன் தங்கையிடம் கையெழுத்துக் கேட்கும் காட்சியையும் எடுக்கலாம். அதற்கு வெளிப்புறப் படப்பிடிப்பு தேவையில்லை.

11 பிப்ரவரி

பெண்கள் எழுதினால், பெண்கள் தயாரித்தால் மாறிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். ‘சித்தி’யைத் தயாரித்தது ராதிகாவின் நிறுவனம். இந்தியில் 2000-ஆம் ஆண்டில் மாமியார், மருமகள் கதைகளைப் பெருக்கியவர் ஏக்தா கபூர். இருவரும் பெண்களே. மாறும் என்று நம்ப எனக்கும் ஆசைதான், ஆனால் அது மட்டும் போதாது.

13 பிப்ரவரி

‘எதிர்நீச்ச’லுக்கு மறுபடி வருகிறேன், ஒரு நெருடல் இருக்கிறது. படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் குடும்பத்தின் கதை அது. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நால்வரும் எழுந்து நிற்பதுதான் கதையின் நோக்கம். ஆனால் ஊரெல்லாம் கொண்டாடியது யாரை? மாரிமுத்து நடித்த குணசேகரனை. “ஏய், இந்தாம்மா” என்ற அவருடைய அதட்டலைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தபோது நானும் கலங்கினேன், அருமையான நடிகர். ஆயினும், பெண்களை நோக்கி வீசப்பட்ட ஓர் அதட்டல் பெண்களின் வீடுகளிலேயே செல்லமான வாக்கியமாகிவிட்டது என்பது உண்மை.

இது புதிதன்று. 1984, 85-இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’, குடும்ப நலத்தையும் பெண்களின் நிலையையும் மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட தொடர். அதில் வரும் தாய் பாக்வந்தி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு தன்னையே அழித்துக்கொள்ளும் பெண். இப்படி இருக்காதீர்கள் என்று காட்டுவதற்காக வைத்த பாத்திரம். பின்னர் அந்தத் தொடரை ஆராய்ந்தவர்கள், பார்வையாளர்கள் பலர், அவர்களிலும் பெண்கள் நிறையப் பேர், பாக்வந்தியையே நல்ல தாய்க்கு உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டார்கள். எழுதியவர் ஒன்று நினைத்தார், கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொண்டு வேறொன்றாக வாசித்தார்கள்.

அப்படியானால் 4-ஆம் தேதி நான் கேட்ட கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. அண்ணியை வில்லியாகக் காட்டினால் பார்ப்பவள் அண்ணியை நொந்துகொள்ளத்தான் கற்றுக்கொள்வாள் என்று நான் எழுதியதை அப்படியே சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு என் வீட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

16 பிப்ரவரி

எழுதுகிறேன். என் தாயார் 1983-இல் மணமானவர். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் சம உரிமை கொடுத்துத் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்திய அரசு அந்தப் பாகுபாட்டை நீக்கியது. ஆனால் என் தாத்தாவின் நிலம் அவர் சொந்த உழைப்பில் வாங்கியது, உயில் எழுதாமல் 1996-இல் இறந்தார். ஆகவே 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படியே மகன்களுக்குச் சமமாக அம்மாவுக்கும் பங்கு இருந்தது. 1998-இல் அம்மா தன் பங்கை இரண்டு மாமாக்களுக்கும் விடுதலை செய்து கொடுத்தார். அது பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகு, பழைய தாள்களுக்கு நடுவில் நகலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொடரில் அந்தக் கையெழுத்துக் காட்சி வந்தது. அம்மா கட்டில் ஓரத்தில், துவைத்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். திரையில் பேனா தாளைத் தொடப் போனபோது, கையிலிருந்த தலையணை உறையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்து, மெதுவாக, “போடாத புள்ள. போட்டா அந்த வீட்டுக்கு நீ விருந்தாளிதான்” என்றார். விளம்பரம் வந்தது. உறையை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பேச்சை மாற்றியிருப்பார்.

இருபது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத ஒரு வார்த்தையை, இல்லாத ஒரு பெண்ணிடம் அவரால் சொல்ல முடிந்தது. அந்தக் காட்சி எவ்வளவு மட்டமாக எடுக்கப்பட்டிருந்தது என்பதும், வில்லியின் புருவம் எவ்வளவு உயரம் போனது என்பதும் அந்த நேரத்தில் ஒரு பொருட்டாக இல்லை. தன் மாமியாரைப் பற்றிப் பேச முடியாதவள் தொடரின் மாமியாரைப் பற்றிப் பேசுகிறாள். தன் கணவனைத் திட்ட முடியாதவள் தொடரின் கணவனைத் திட்டுகிறாள். அருகில் உட்கார்ந்திருக்கும் கணவனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். “எந்நேரமும் சீரியல்” என்று எரிந்து விழுகிற ஆண்கள் சிலருக்கு எரிச்சலின் காரணம் சத்தம் மட்டும்தானா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

17 பிப்ரவரி

நேற்று எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்காமல் எழுதியது தவறு. கோபப்படவில்லை. ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னார். மாமாக்கள் அவரிடம் கேட்கவில்லையாம். “நானாத்தான் போயி எழுதித் தரேன்னு சொன்னேன். அவங்க வேணாம்னுதான் சொன்னாங்க” என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பங்கு வேண்டும் என்று கேட்ட தன் சிற்றப்பா மகளுக்குப் பிறந்த வீட்டு வாசல் எப்படி மூடிப்போனது என்பதைக் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். கேட்கும் வரை காத்திருந்து கொடுப்பதைவிடத் தானே முந்திக்கொண்டு கொடுத்துவிட்டால் அண்ணன்மார் முகம் மாறாது என்று அப்போது தோன்றியதாம்.

பாசமுள்ள அண்ணன் கேட்கிறான் என்று 4-ஆம் தேதி நான் எழுதியது என் தாயின் கதையில்கூடப் பொருந்தவில்லை. அங்கே வில்லியும் இல்லை, வில்லனும் இல்லை, கேட்டவரே இல்லை. இதை எந்த வசனகர்த்தா எழுதுவார்? எழுதினால் யாருடைய முகத்தைக் கேமரா மூன்று முறை நெருங்கும்?

22 பிப்ரவரி

வேலை பற்றி ஒரு குறிப்பு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெண்களின் வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்று சொல்லும் தொடர்களில் இந்த ஐந்து மணி நேரம் எங்கே போகிறது? சமையலறை வருகிறது, ஆனால் அது இரண்டு பேர் ரகசியம் பேசும் இடமாக மட்டுமே வருகிறது. குக்கரின் விசில் வசனத்துக்கு நடுவில் அடிப்பதில்லை. யாருக்கும் முதுகு வலிப்பதில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; என் போன்றவர்களுக்கு அது மாதக் கணக்கையே மாற்றியது. அந்தப் பேருந்தில் ஏறி இறங்கிய ஒரு கதாநாயகியை நான் பார்த்த தொடர்களில் கண்டதில்லை. ஹாலில் எடுப்பதன் காரணம் எனக்குத் தெரியும், மேலே நானே எழுதியிருக்கிறேன். தெரிந்தும் கேட்கிறேன்.

‘கோலங்கள்’ பற்றி நினைவூட்டியவருக்கு நன்றி. 2003 முதல் 2009 வரை, ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கும் மேல், தேவயானி நடித்த அபி கட்டுமானத் தொழிலில் நின்று காட்டினாள். அந்தத் துறையில் ஒரு பெண் முதலாளியாக இருக்க முடியும் என்பதே அன்றைக்குப் பெரிய செய்தி. ஆனால் அவள் ஒரு கட்டடம் கட்டியதைவிட அவளை வீழ்த்த அந்தத் தொடரின் வில்லன் ஆதி போட்ட திட்டங்களே எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன. 2020-இல் தொடங்கிய ‘பாக்கியலட்சுமி’ இதில் ஒருபடி மேல் என்பேன். வங்காளத்தில் வந்த ‘ஸ்ரீமொயி’யைத் தழுவியது அது. கணவனும் வளர்ந்த பிள்ளைகளும் வேலைக்காரியைப் போல நடத்திய ஒரு பெண், தான் அன்றாடம் செய்யும் சமையலையே தொழிலாக்கிக்கொள்கிறாள். வீட்டு வேலைக்கு விலை உண்டு என்பதை ஒரு தொடர் ஒப்புக்கொண்டது. அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் அம்மா துணி மடிப்பதில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பார்.

23 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்டவருக்கு நேரடியாக ஒரு பதில் கடன் இருக்கிறது. தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றனவா என்பதை வெறும் அபிப்பிராயமாகப் பேசாமல் அளந்து பார்த்தவர்கள் உண்டு. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் இந்தியக் கிராமங்களில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் இருந்தன. கேபிள் தொலைக்காட்சி வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரியே என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பம் குறைந்தது, வீட்டு முடிவுகளில் பெண்களின் பேச்சுக்கு இடம் கூடியது. கேபிளில் வந்தவை உயர்ந்த கதைகளாக இருந்ததால் இப்படி ஆனது என்று நான் எண்ணவில்லை. அழுதாலும் சதி செய்தாலும், அந்தக் கதைகளில் பெண்கள் பேசினார்கள், நல்ல உடை உடுத்தினார்கள், வெளியே போனார்கள், கணவனை எதிர்த்து ஒரு வார்த்தையாவது சொன்னார்கள். தன் ஊரைத் தாண்டாத ஒருத்திக்கு அதுவே புதிதாக இருந்திருக்கலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு திரட்டிய தகவல்கள் அவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய கிராமத்துப் பெண்ணைவிட அன்றைய தொடரின் பெண் ஓரடி முன்னால் நின்றாள். இன்று எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெண்கள் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், செயலியில் பணம் அனுப்புகிறார்கள், வில்லங்கச் சான்றைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். தொடரின் பெண் இன்னும் மாடிப்படி ஓரத்தில் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே கெடுக்கின்றன என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. பின்தங்கிவிட்டன என்று சொன்னால் ஏற்பேன்.

2 மார்ச்

இந்த வாரம் நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண், இரண்டு தம்பிகளுடன் விடுதலைப் பத்திரத்துக்கு வந்தார். முதலாளி வழக்கம்போல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, “அதை இன்னொரு தடவை மெதுவா வாசிம்மா” என்றார். தம்பிகளில் ஒருவர், “என்னக்கா, சீரியல்ல வர்ற மாதிரி பயந்துட்டியா?” என்று சிரித்தார். “ஆமாடா, அதுலதான் படிக்காம போடுறாளுங்க” என்றார் அவர்.

நான் வாசித்தேன். பாத்தியதை இல்லை என்ற வரியில் நிறுத்தி, அதன் பொருளைச் சொன்னேன். வாரிசுகள் என்பதில் தன் மகளும் அடக்கமா என்று கேட்டார். அடக்கம் என்றேன். சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று எழுந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

உள்ளே கருவி அவர் பெருவிரலை ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள், அப்போதும் ஏற்கவில்லை. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்துபோயிருக்கும் என்றார் அங்கிருந்தவர். தம்பி தன் கைக்குட்டையை நீட்டினார். அக்கா அதில் விரலை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார், நான்காவது முறை விழுந்தது.